பிந்தி விழும் அடி

கசெட்டிலும் வானொலியிலுமாகப் பாட்டுக் கேட்டே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட என்போன்ற ஒருவனிடம், ஒலி என்பது ஒரு துளியும் அடங்காத சங்கீதப் பதிவொன்று உலகத்தில் உண்டென்று சொன்னால், சொன்னவனுடைய சித்த சுவாதீனத்தைப் பற்றியே முதலில் சந்தேகம் எழும். கல்முனைக்குடியில் என் தங்கை வீட்டின் பின்னறையில், முன்பு நெல்மூட்டையும் தேங்காயும் அடுக்கியிருந்த இடத்தில், மேசையொன்றைப் போட்டு ஒரு மடிக்கணினியும் நான்கு ஸ்தாயி கொண்ட சிறு விசைப்பலகையும் வைத்திருக்கிற அவளுடைய மூத்த மகன் அதைச் சொன்ன அன்று, எனக்கும் அந்தச் சந்தேகமே உண்டாயிற்று. "இதுக்குள்ள சத்தமே இல்ல மாமா. வாசிச்ச கைட கணக்கு மட்டுந்தான் இரிக்கி" என்றான். பதினொரு வாத்தியங்கள் சேர்ந்து மூன்று நிமிஷம் முழங்கும் அந்தப் பாட்டின் கோப்பு நாற்பது கிலோபைற் அளவுதான். அதையே இறுவட்டின் தரத்தில் ஒலியாகப் பதிந்திருந்தால் முப்பது மெகாபைற்றைத் தாண்டியிருக்கும். கலியாணப் பந்தலில் கைத்தொலைபேசியால் எடுத்த படம் ஒன்றுகூட அந்தப் பாட்டைவிடப் பன்மடங்கு பெரிது.

அன்று பிடித்த ஆச்சரியம் என்னை விடவில்லை. ஓராண்டுக்கு மேலாக, வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள், இஷாத் தொழுகை முடிந்தபின் அந்தப் பின்னறையில் நான் மாணாக்கனாக உட்கார்ந்து வருகிறேன். அறுபத்தெட்டு வயதில் மருமகனிடம் பாடம் கேட்பதற்கு எனக்கு வெட்கம் இல்லை. என் விரல்கள்தாம் வெட்கப்பட்டன.

மிடி என்று இளைஞர் சுருக்கி வழங்கும் இந்த ஏற்பாடு உருவானது 1983ஆம் ஆண்டில். அதுவரை ஒவ்வொரு கம்பெனியின் மின்வாத்தியமும் தன் தன் பாஷையையே பேசிற்று; ஒன்றின் சொல் மற்றொன்றின் செவியில் ஏறாது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குத்தாரோ காக்கெஹாஷியும் முன்னின்று ஒரு பொதுப் பாஷையை வகுத்தனர். அவ்வாண்டு ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த வாத்திய வியாபாரிகளின் சந்தையில், இருவேறு கம்பெனிகளின் இரண்டு விசைப்பலகைகளை ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றில் வாசிக்க மற்றொன்றும் ஒலிப்பதைக் காட்டினர். இந்தப் பாஷையின் சொற்கள் மிகச் சில. எந்தச் சுரம் அழுத்தப்பட்டது, எத்தனை வேகத்தோடு அழுத்தப்பட்டது, எப்போது விரல் எடுக்கப்பட்டது என்பன முக்கியமானவை. சுரத்துக்கு 0 முதல் 127 வரை ஓர் எண். பியானோவின் நடு ஸட்ஜம் என்று கொள்ளத்தக்க சுரத்துக்கு 60. விரலின் வேகத்துக்கும் 127 வரை ஓர் எண். அதை வெலோசிட்டி என்பார்கள். ஒரு கம்பியில் பதினாறு வாய்க்கால்கள். வினாடிக்கு 31,250 துணுக்குகள் ஓடும். ஒரு சுரத்தின் செய்தி போய்ச் சேர ஏறத்தாழ ஆயிரத்திலொரு வினாடி. இந்நாளில் இந்த வேகத்தைக் கேட்டால் சிறுவர்கள் சிரிப்பார்கள். ஆனால் நாற்பது வருஷங்களாக மாறாமல் நிலைத்த பாஷை கணினி உலகத்தில் வேறு எத்தனை இருக்கிறது? அதை வகுத்த இருவருக்கும் 2013இல் கிராமி விருது கொடுத்தார்கள். முப்பது வருஷம் தாமதித்துக் கொடுத்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பதிந்த சுரங்கள் திரையில் தோன்றும் இடத்துக்குப் பியானோ ரோல் என்று பெயர். கீழிருந்து மேலாகச் சுரங்கள், இடமிருந்து வலமாகக் காலம், நடுவில் சிறு சிறு செங்கல் துண்டுகள்போல் வாசித்த சுரங்கள். இதை முதலில் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது சங்கீதமன்று, மருதமுனை. கல்முனைக்கு வடக்கே பாண்டிருப்பைத் தாண்டினால் வரும் அந்த நெசவூரில், சிறுவயதில் என் வாப்பாவோடு சாரன் வாங்கப் போகிற நாட்களில், தறிவீடுகளின் வாசலில் நின்று பாவும் ஊடையும் பின்னிக் கட்டம் கட்டமாகத் துணி வளர்வதை நான் நேரம் போவது தெரியாமல் பார்த்திருக்கிறேன். அந்த ஒற்றுமை என் கற்பனை மாத்திரம் அன்று என்பது பின்னர்தான் தெரிந்தது. பிரான்ஸில் ஜக்கார் என்பவர் 1804இல் உருவாக்கிய தறியில், அட்டையிலே துளையிட்டு, எந்த நூல் எழவேண்டும், எது கிடக்கவேண்டும் என்பதை அந்தத் துளைகளாலேயே விதித்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் தானே வாசிக்கும் பியானோக்கள் வந்தபோது, துளையிட்ட கடதாசிச் சுருள் ஒன்று உள்ளே உருண்டு, எந்தச் சுத்தி அடிக்கவேண்டும் என்பதை அவ்வாறே விதித்தது. திரையில் நாம் காணும் பியானோ ரோல் அந்தக் கடதாசிச் சுருளின் பெயரைத்தான் இன்னமும் சுமந்துகொண்டிருக்கிறது. மெக்ஸிக்கோவில் குடியேறி வாழ்ந்த கொன்லன் நன்காரோ என்னும் அமெரிக்க இசைஞர், எந்த மனிதக் கையாலும் வாசிக்க இயலாத உருப்படிகளை அப்படிச் சுருளில் தம் கையாலேயே துளையிட்டு வருஷக்கணக்காக ஆக்கினார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கையால் ஆகாததை ஆக்குவதற்குக் கையாலேயே துளையிட்ட அந்தப் பொறுமையை நினைத்து நான் வியந்ததுண்டு.

கணக்கு மட்டும் இருந்தால் பாட்டு எங்கிருந்து வரும்? அதற்குத்தான் வி.எஸ்.டி. என்று இவர்கள் அழைக்கும் மெய்ந்நிகர் வாத்தியங்கள். ஸ்டைன்பெர்க் என்னும் ஜெர்மானிய நிறுவனம் 1996இல் இவற்றுக்கு வழி திறந்தது. முதலில் ஒலியை மெருகேற்றும் கருவிகள் வந்தன, 1999இல் வாத்தியங்களும் புகுந்தன. நல்ல மெய்ந்நிகர் வயலின் ஒன்று, உண்மையான வயலினை உண்மையான கலைஞர் ஒருவர் சுரம் சுரமாக, மெதுவாகவும் அழுத்தியும், வில்லை இழுத்தும் துள்ளவிட்டும் வாசிக்க, அத்தனையையும் தனித்தனியே பதிந்து அடுக்கிய ஒரு களஞ்சியம். விசையை மெல்லத் தொட்டால் மெல்ல வாசித்த பதிவு எழும். அடித்தால் அழுத்தி வாசித்த பதிவு. ஒரே சுரத்தை நான்கு தரம் தொடர்ந்து தட்டினால் நான்கு தரமும் ஒரே பதிவு எழுந்து துப்பாக்கிச் சூடுபோல் கேட்குமாதலால், ஒவ்வொரு சுரத்துக்கும் நாலைந்து பதிவுகளை வைத்து முறைபோட்டு ஒலிக்கச் செய்வதும் உண்டு.

ஆகவே இந்தக் கலையைக் கற்கிறவன் முதலில் கற்கவேண்டியது விசைப்பலகை வாசிப்பதை அன்று, விசைப்பலகையை மறப்பதை. எங்கள் நாட்டில் ஓர்கன் என்றே எல்லோரும் சொல்லும் அந்தப் பலகையில் கை பழகியவன், புல்லாங்குழலைத் தெரிவு செய்துகொண்டும் ஓர்கனைத்தான் வாசிப்பான். என் மருமகன் ஆரம்பத்தில் செய்த ஒரு பாட்டில், குழல் நாற்பது வினாடி இடைவிடாமல் இழைந்து இழைந்து ஓடிற்று. மிகவும் இனிமையாக இருந்ததென்பதை மறுக்கவில்லை. ஆயினும் இருபதாவது வினாடியில் எனக்கு நெஞ்சு முட்டத் தொடங்கிவிட்டது. "ஊதுறவன் செத்துப் போயிருப்பான் மனே" என்றேன். அவன் சிரித்துவிட்டு, சிறிது நேரம் யோசித்து, நான்கு இடங்களில் துண்டை வெட்டி மூச்சுக்கு இடம் விட்டான். விட்டபின்பு, அந்த மூச்சுக்கு முன் வரும் சுரத்தின் வலிமையைக் கொஞ்சம் குறைத்தான். மூச்சுக்குப் பின் வரும் சுரத்தைச் சற்றுக் கூட்டினான். குழலுக்குப் பின்னால் ஒரு மனிதன் வந்து உட்கார்ந்துவிட்டான்! அதே மூங்கில், அதே சுரங்கள். இந்தக் கலையின் ரசிகன் காதைத் தீட்டிக்கொண்டு தேடவேண்டியது இதைத்தான் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. களஞ்சியம் விலையுயர்ந்ததா என்பதைக் காசுள்ளவன் பார்க்கட்டும். இல்லாத மனிதன் ஒருவனை இருப்பவனாக நினைத்துப் பார்க்கும் சக்தி வாசித்தவனுக்கு இருக்கிறதா என்பதே கேட்கத்தக்க விஷயம்.

பல தடங்களாகப் பதிவது தன் வழியில் இன்னொரு வித்தை. ஒருவனே தாளம் வாசித்து, அதைக் கேட்டுக்கொண்டே அடிநாதம் வாசித்து, இரண்டையும் கேட்டுக்கொண்டே மற்றதை வாசிப்பது என்பது மிடிக்கு முந்திய வித்தைதான். வெண்டி கார்லோஸ் 1968இல் பாக் என்னும் ஜெர்மானிய மகாவித்துவானின் உருப்படிகளை மூக் என்னும் மின்வாத்தியத்தில் இசைத்து வெளியிட்டபோது, அந்த வாத்தியம் ஒரு சமயத்தில் ஒரு சுரத்தைத்தான் எழுப்பும் என்பதால், எட்டுத் தட நாடாவில் ஒவ்வொரு இழையாகத் தனித்தனியே பதிந்து பதிந்தே அந்தச் சித்திரத்தைக் கட்டினார். தமிழ் உலகத்தில் இளையராஜா 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் கணினியை இசைக்கு அழைத்துப் பார்த்தார். 1992இல் 'ரோஜா' வந்தபோதோ, கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி ஏ. ஆர். ரஹ்மான் அமைத்துக்கொண்ட பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்னும் சிறு கூடத்திலிருந்து, கணினியில் கோத்த தாளத்தின்மேல் மனிதரின் குரலும் வாத்தியமும் இழைந்த ஒரு புதிய ஓசை புறப்பட்டு, வானொலி வழியாக இந்தக் கடற்கரைவரைக்கும் வந்து சேர்ந்தது. தேநீர்க் கடையில் அதை முதலில் கேட்டவர்கள், றேடியோவில் ஏதோ பழுது நீங்கிவிட்டதுபோல் தலை நிமிர்ந்து பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் ஒருவனே பதினொருவனாக வாசிப்பதில் ஒரு தோஷம் உண்டு. அதை நூல்களில் எவரும் எழுதி நான் பார்க்கவில்லை. கச்சேரி மேடையில் மிருதங்கக்காரர் பாடகரைக் கேட்கிறார், பாடகரும் மிருதங்கக்காரரைக் கேட்கிறார். ஒருவர் கண்ணைச் சிமிட்டினால் மற்றவர் தீர்மானத்தை நீட்டுகிறார். தடம் தடமாகப் பதியும்போதோ, பின்னே வாசிப்பது முன்னே வாசித்ததை அறியும். முன்னே வாசித்தது பின்னே வரப்போவதை அறியவே அறியாது. முதலில் பதிந்த தாளம் பாட்டு எங்கே உருகப்போகிறது என்பது தெரியாமல் செவிடனைப்போல் நேரே நடந்துகொண்டிருக்கும். இதற்கு மருமகன் கண்டுபிடித்த பரிகாரம் எளிமையானது: கடைசித் தடம்வரை பதிந்து முடித்ததும், முதலாவது தடத்தை அழித்துவிட்டு, இப்போது முழுப் பாட்டையும் கேட்டுக்கொண்டே தாளத்தை மறுபடி வாசிப்பது. வீடு கட்டி முடித்தபின் அத்திவாரத்தை மாற்றுவது போன்ற காரியம். கல்லிலும் சீமெந்திலும் செய்யமுடியாததை இங்கே செய்யலாம் என்பதுதான் இந்தப் பாஷையின் சலுகை.

இடையில் சில்லறைத் தொல்லைகளும் உண்டு. விசையைத் தொட்ட கணத்துக்கும் ஒலி காதில் விழும் கணத்துக்கும் இடையே கணினி எடுத்துக்கொள்ளும் தாமதம் ஒன்று. மூன்று மில்லிசெக்கன் தாமதம் என்றால் வாத்தியம் ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரத்தில் இருப்பதற்குச் சமம். பத்து மில்லிசெக்கன் வரையில் எவரும் கவலைப்படுவதில்லை. முப்பதானால் தன் கையே தனக்கு அந்நியமாகிவிடும். மின்வெட்டு இன்னொன்று. 2022ஆம் வருஷத்தில் நாட்டில் மின்சாரம் பதின்மூன்று மணிநேரம்வரை நின்ற நாட்களில் சேமிக்காமல் போன தடங்களின் கதையை மருமகனிடம் கேட்கக்கூடாது. கேட்டால் இரவு போய்விடும்.

நம்முடைய சங்கீதத்துக்கு இந்தப் பாஷை எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வியில்தான் நான் அதிக காலம் செலவிட்டேன். மிடியின் எண்கள் பியானோவின் பன்னிரண்டு சுரங்களை நினைத்து எழுதப்பட்டவை. இரண்டு விசைகளுக்கு நடுவே அசைந்து நிற்கும் கமகத்துக்கு அங்கே எண் இல்லை. ஆனால் சுரத்தை வளைக்கும் சக்கரம் ஒன்று பலகையின் இடதுபுறத்தில் உண்டு; அதற்கு 16,384 படிகள், நடுநிலை 8,192. வழக்கமான ஏற்பாட்டில் ஒரு பக்கத்து வளைவு இரண்டு அரைச்சுரம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஓரிரவு நான் ஓர் ஆராய்ச்சி செய்தேன். தம்பூராவின் நாதத்தில் தானாக எழும் அந்தர காந்தாரம் ஸட்ஜத்தோடு ஐந்துக்கு நான்கு என்னும் விகிதத்தில் நிற்பது. பியானோவின் காந்தாரம் அதைவிட ஓர் அரைச்சுரத்தின் நூற்றில் பதினான்கு பங்கு அளவுக்கு ஏறியிருக்கும். ஆகவே சக்கரத்தை 560 படி இறக்கி 7,632இல் நிறுத்தினால் காந்தாரம் தன் வீட்டுக்கு வந்து சேரவேண்டும். நிறுத்தினோம். ஸட்ஜத்தை ஒரு தடத்தில் நீளமாக ஒலிக்கவிட்டு, காந்தாரத்தை இன்னொரு தடத்தில் வைத்தோம். இரண்டுக்கும் நடுவே அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த அதிர்வு அடங்கி, குளத்து நீர் தெளிந்ததுபோல் ஆயிற்று. சக்கரம் ஒரு வாய்க்காலில் உள்ள எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும் என்பதால்தான் இரண்டு தடங்கள் வேண்டியிருந்தன. 2018இல் ஏற்கப்பட்ட புதிய ஏற்பாடு ஒன்றில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனி வாய்க்கால் கிடைப்பதால் அந்தக் கஷ்டமும் இப்போது குறைந்திருக்கிறது.

அந்த இரவில் என் மனம் போனது அதிக தூரமில்லை. எங்கள் வீட்டிலிருந்து தெற்கே சாய்ந்தமருதைக் கடந்தால் காரைதீவு. சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த ஊர். விஞ்ஞானம் படித்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், பின்பு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அந்த ஆசனத்தில் முதலாவதாக அமர்ந்தவர். உலகத்தில் ஒருவர் செவியிலும் ஒலிக்காமல் நூற்றாண்டுகளாக மறைந்துபோயிருந்த யாழை, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் சில அடிகளிலிருந்தும் கணித விகிதங்களிலிருந்தும் அவர் மீண்டும் கட்டியெழுப்பினார். அந்த 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அந்நூலின் யாழுறுப்பியலையும் இசைநரம்பியலையும் நான் இளமையில் புரட்டி, எண்களைக் கண்டு அஞ்சி மூடியவன். இப்போது விளங்குகிறது: மரமும் நரம்பும் கைக்கு வருமுன்பே, விகிதத்தில் மாத்திரம் ஒரு வாத்தியத்தை இருக்கச் செய்தவர் அவர். மெய்ந்நிகர் வாத்தியம் என்ற சொல்லை இந்தக் கடற்கரையில் முதன்முதலில் யாருக்கு உரித்தாக்கலாம் என்று எவரேனும் கேட்டால், நான் காரைதீவைத்தான் காட்டுவேன். மருமகனுக்கு இது கொஞ்சம் மிகையாகத் தோன்றிற்று. தோன்றட்டும்.

வாத்தியம் கூடுமா, கூடாதா என்ற வாதம் எங்கள் ஊர்களுக்குப் புதிதன்று. 2015இல் மறைந்த நாகூர் ஹனீபாவின் கம்பீரமான குரலை இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையில் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. குரலும் தப்ஸும் போதும் என்று ஒதுங்கிக்கொண்ட தலைமுறை எனக்குப் பின்னால் வந்தது. மருமகனின் சிநேகிதன் ஒருவன், நரம்பும் தோலும் துளையும் இல்லாத இதை வாத்தியம் என்று எப்படிச் சொல்வது என்று ஒருநாள் பாதி விளையாட்டாகக் கேட்டான். அந்தத் தர்க்கத்தை உலமாக்களிடம் விட்டுவிட்டேன். ஆனால் வாத்தியத்தை விட்டு அப்படி ஒதுங்கியவர்களுக்காக மருமகன் செய்த ஒரு கீதத்தில், வாத்தியம் வரவேண்டிய இடங்களிலெல்லாம் மனிதக் குரல்களின் களஞ்சியத்தையே அடுக்கி, தாளத்துக்கு றபான் என்னும் தோற்கருவியை மாத்திரம் வைத்தபோது, அந்தத் தடை அவனுடைய கற்பனையைக் கட்டிப்போடவில்லை, கூர்மையாக்கிற்று என்பதை நான் கண்டேன்.

றபான் என்றதும் ஒரு குறையைச் சொல்லியாகவேண்டும். 1991இல் எல்லாக் கம்பெனிகளும் ஒப்புக்கொண்ட பொதுப் பட்டியல் ஒன்றில் 128 ஒலிகள் உண்டு. சித்தாருக்கு 105, ஷெனாய்க்கு 112. பட்டியலின் கடைசியில் சில வேடிக்கைகள்: 123ஆவது கடலலை, 126ஆவது ஹெலிகொப்டர், 128ஆவது துப்பாக்கி வெடி. இந்த மூன்றையும் எங்கள் கரையில் பிறந்தவர்கள் கம்பியும் கணினியும் இல்லாமலே வேண்டிய மட்டும் கேட்டிருக்கிறோம். றபான் அதில் இல்லை. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரில் வருஷந்தோறும் நடக்கும் கொடியேற்ற நாட்களில் பாவாமார் என்னும் பக்கீர்கள் வட்டமாக அமர்ந்து றபான் அடித்துப் பாடுவதைக் கேட்டவனுக்கு, அது இல்லாத பட்டியல் பூர்த்தியான பட்டியலாகத் தோன்றாது. நானே ஒரு காலத்தில் அந்தப் பாட்டுகளை ஏழெட்டுக் கசெட்டுகளில் பதிந்து வைத்திருந்தேன். 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் கடல் அலுமாரியோடு அவற்றை எடுத்துக்கொண்டது. எங்கள் தெருவில் கடல் எடுத்தவற்றோடு வைத்துப் பார்த்தால் கசெட்டைப் பற்றிப் பேசுவதே அற்பத்தனம். ஆகையால் பல வருஷம் நான் பேசவில்லை.

றபானை நாமே செய்துவிடலாம் என்று மருமகன் சொன்னான். இளமையில் பாவாமாரோடு திரிந்து கைபழகிய முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவன் அவரை அப்பா என்று கூப்பிட்டான். எங்கள் பக்கத்தில் வாப்பா என்றால் தகப்பன், அப்பா என்றால் பாட்டன். உப்புக்காற்றில் தோல் தளர்ந்திருந்தது. முற்றத்தில் பழைய கடதாசியைக் கொளுத்தி, றபானைச் சுடரின்மேல் சுற்றிச் சுற்றிக் காட்டி, இடையிடையே விரலால் தட்டிப் பார்த்து, நாதம் ஏறியதும் உள்ளே வந்தார். நடுவில் உள்ளங்கை அடி, விளிம்பில் விரல் அடி, அடித்த விரலை எடுக்காமல் நாதத்தை அடைக்கும் அடி என்று மூன்று. ஒவ்வொன்றிலும் நான்கு வலிமை. ஒவ்வொரு வலிமையிலும் ஐந்து தரம். மொத்தம் அறுபது. நாலாவது தரத்திலேயே அவருக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரே அடிய அஞ்சு தரம் அடிக்க ஏலா மகன். அஞ்சும் அஞ்சுதான்" என்றார். "அதுதான் அப்பா வேணும்" என்றான் மருமகன். அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் அடித்தார்.

இரண்டு நாள் கழித்து அறுபதும் விசைகளில் ஏறியிருந்தன. முதியவர் வந்து, மூன்று விசைகளை இரண்டு விரல்களால் தொட்டுப் பார்த்து, தன் றபான் பலகைக்குள்ளிருந்து ஒலிப்பதைக் கேட்டு, பலகையைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். பிறகு வாசிக்கத் தொடங்கினார். காலத்தைக் காட்டுவதற்காகக் காதில் ஒலித்துக்கொண்டிருந்த கிளிக்கை ஒரு நிமிஷத்துக்குள் நிறுத்தச் சொல்லிவிட்டார்; ஆணி அடிக்கிற சத்தத்தில் எப்படிப் பாட்டு வரும் என்று கேட்டார். கிளிக் இல்லாமல், வாய்க்குள் ஏதோ பைத்தை முணுமுணுத்துக்கொண்டே, ஆறு நிமிஷம் வாசித்தார். வாசித்து முடித்ததும் மருமகன் வழக்கம்போல் குவாண்டைஸ் என்னும் கட்டளையைக் கொடுத்தான். அது சுரங்களையெல்லாம் கட்டத்தின் கோட்டுக்கு இழுத்து வைக்கும் கட்டளை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதுபோல. திரையில் துண்டுகள் ஒரே நொடியில் நேராயின. ஒலிக்கவிட்டான்.

முதியவர் சற்று நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது ஆருட அடி மகன்?" என்றார்.

அவருடைய றபான், அவருடைய அடிகள், அவர் அடித்த அதே வரிசை. கேள்வியில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது. மருமகன் கட்டளையைத் திருப்பி எடுத்துவிட்டு, திரையைப் பெரிதாக்கிக் காட்டினான். ஒவ்வொரு சுற்றிலும், அதன் முதலடியிலிருந்து அளந்து பார்த்தால், மூன்றாவது அடி தன் இடத்துக்குச் சற்றுப் பின்னே விழுந்திருந்தது. ஒரு கால்ச்சுரத்தை 480 நொடித்துகள்களாகப் பகுத்த அளவில், பதினெட்டு, இருபத்திரண்டு, இருபது என்று. கடிகாரக் கணக்கில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு வினாடி. பிழையென்றால் ஒன்றிரண்டு இடத்தில் இருக்கும், ஆறு நிமிஷம் முழுவதும் ஒரே இடத்தில் ஒரே அளவுக்கு இராது. பாடுகிறவருக்குச் சொல்லை முடிக்க அவகாசம் கொடுக்கும் அடி அது. வட்டத்தில் உட்கார்ந்திருந்த எவரோ ஒரு பெரியவரிடமிருந்து அவர் கைக்கு வந்திருக்கவேண்டும். என்னுடைய கசெட்டுகளில் நான் கேட்டுப் பெயர் வைக்கத் தெரியாமல் இருந்தது அந்த இருபது துகள்தான் என்று எனக்குப் பட்டது.

அதற்குப் பின் மருமகன் செய்ததைத்தான் நான் இந்த ஓராண்டுப் பாடத்தில் மிகவும் ரசித்தேன். கோட்டுக்கு அடியை இழுப்பதை விட்டு, அடிக்குக் கோட்டை இழுத்தான். முதியவருடைய ஒவ்வொரு சுற்றின் முதலடியையும் ஆதாரமாக வைத்து, அவர் வேகம் ஏறிய இடத்தில் கட்டத்தை நெருக்கியும், பாட்டில் தோய்ந்து தளர்ந்த இடத்தில் அகட்டியும், ஆறு நிமிஷத்துக்கும் கோடு கோடாக நகர்த்தினான். மூன்றாவது அடியைத் தொடவே இல்லை. இரண்டரை மணிநேர வேலை. முதியவர் நாற்காலியிலேயே தூங்கி விழித்தார். இனி இந்தத் தடத்தின்மேல் எந்த வாத்தியத்தை வைத்தாலும் அது அவருடைய நடையில் நடந்தாகவேண்டும்.

களஞ்சியக் குரல்களின் தடத்தை அதன்மேல் முதலாவதாக ஏற்றி, இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது பள்ளியில் பாங்கு கேட்டது. மைக்கே இல்லாத இந்தப் பதிவில் பாங்கோசை வந்து கலக்க வழியில்லை. ஆயினும் மருமகன் கை தானாகப் போய் நிறுத்திற்று. மூவரும் பேசாமல் இருந்தோம். தெருவில் ஐஸ்கிரீம்காரனின் மணியும் நின்றது. பாங்கு முடிந்து, முதியவர் துஆவை ஓதி முகத்தைத் தடவிக்கொண்டு, "போடு மகன், அந்த எடத்தில இருந்தே போடு" என்றார். அவன் நீள விசையைத் தட்டினான். நின்ற இடத்திலிருந்தே றபான் தொடர்ந்தது, மூன்றாவது அடி சற்றுப் பிந்தி.